பக்கம் இருபத்திரண்டுக்கு ஒரு பிழைதிருத்தம்

ஞாயிறு, மத்தியானம்

வக்கீலம்மாவின் அப்பாவுக்கு,

அன்பு நிறைய. நானும் அவளும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கவில்லை. அந்த ஊர் அறையில் தனியாகக் காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தாலும் "ரொம்ப நலம்" என்றுதான் எழுதுவீர்கள். குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. ஆள் வந்து பார்த்தார். பழைய குழாய் என்றால் அப்படித்தான் சொட்டும் என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பெண் இரண்டு மாதமாக உங்களோடு ஃபோனில் பேசாததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. தலைவலியும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை, நீங்கள் பயந்தது போல அப்பாவை மறந்துபோகவும் இல்லை. காரணம் நாம்தான். நீங்களும் நானும்.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும். தவிர, நீங்கள் "சரி சரி, பாத்துக்கலாம்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. உட்கார்ந்து படியுங்கள்.

எல்லாம் என் தப்பிலிருந்து ஆரம்பித்தது. எங்கள் கிளை நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை புதுப் புத்தகங்கள் வந்தன. கட்டைப் பிரித்து, முத்திரை குத்தி, முதுகில் சீட்டு ஒட்டி, எந்த அலமாரி என்று பிரிப்பது என் வேலை. அன்றைக்குப் பார்த்து உதவிக்கு ஆள் இல்லை. ஒரு புத்தகம்: கறுப்பு அட்டை, நடுவில் ஒற்றைக் கயிறு, மேலே "கயிறு அறுந்தால்?" என்று தலைப்பு. வேறென்னவாக இருக்கும், கொலைதான் என்று முடிவு கட்டி, துப்பறியும் நாவல்களோடு சேர்த்துவிட்டேன். உள்ளே திறந்துகூடப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷ அனுபவம், கேட்டீர்களா.

எங்கள் தெருமுனை சலூன்காரரை உங்களுக்குத் தெரியும். துப்பறியும் நாவல் அலமாரியை மூன்று தடவை படித்து முடித்தவர். கொலையாளி யார் என்று பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்து என்னிடம் திட்டு வாங்குகிறவர். அவர் ஆசையாக எடுத்துப்போய், நாலு நாள் கழித்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "நாப்பத்தெட்டு பக்கமும் படிச்சாச்சும்மா. ஒரு கொலை கூட இல்ல. ஆனா கீழ வைக்கவும் முடியல" என்றார். அப்போதுதான் திறந்தேன். சிறுவர்களுக்காக எழுதப்பட்ட புத்தகம். கதை இல்லை. லிஃப்ட் எப்படி ஏறுகிறது, எப்படி நிற்கிறது, யார் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் மொத்தமும்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உலகத்தில் எத்தனையோ இருக்க, லிஃப்ட்.

ஏழு மாதத்துக்கு முன்னால் உங்கள் கூட்டாளி நெட்டை அண்ணன் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இரண்டு காலும் முறிந்தபோது, நீங்கள் ஃபோனில் அழுததை அவள் கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை. அதனால்தான் அந்தப் பொய்யைச் சொன்னோம்: அப்பாவை வேலையை மாற்றிவிட்டார்கள், இனி ஆபீஸில் உட்கார்ந்து பதிவேடு எழுதுகிறார், ஏணிகூட ஏறுவதில்லை. யோசனை என்னுடையது; மேஜை முன்னால் பேனாவும் கையுமாக உட்கார்ந்து படம் எடுத்து அனுப்பியது நீங்கள். அந்தப் படத்தை அச்சுப் போட்டு அவள் படிக்கும் மேஜைக்கு மேலே ஒட்டிக்கொண்டாள். நன்றாகத் தூங்கினாள். நாம் கெட்டிக்காரர்கள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சரி, புத்தகம். அலமாரியை மாற்றிப் பதிய வேண்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை மேஜையில் வைத்தேன். மறுநாள் காணோம். எனக்குத்தான் ஞாபக மறதி, சலூன்காரரிடமே திரும்பப் போயிருக்கும் என்று நினைத்து, ஏழு வாரம் அந்த மனிதரைப் போகும்போதும் வரும்போதும் பிடித்துக் கேட்டேன். பாவம், ஒரு தடவை பாதி முகத்தில் சோப்போடு இருந்த வாடிக்கையாளரை விட்டுவிட்டுக் கடை முழுக்கத் தேடினார். போன வாரம் அவளுடைய மெத்தை உறையை மாற்றும்போது, அடியிலிருந்து வந்தது. நூலக ஊழியர் வீட்டிலேயே தவணை தாண்டிய புத்தகம். சலூன்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அப்ப திருடன் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கான். நான் அன்னிக்கே சந்தேகப்பட்டேன்" என்று சிரித்தார்.

புத்தகத்துக்குள் உங்கள் படம் இருந்தது. மேஜைக்கு மேலே இருந்ததைப் பிய்த்து, இருபத்தொன்பதாம் பக்கத்தில் வைத்திருந்தாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு சாவி. லிஃப்டின் வெளிக்கதவைத் திறக்க மெக்கானிக் வைத்திருக்கும் முக்கோண வாய் உள்ள சாவி. "உண்மை அளவு" என்று பக்கத்தில் போட்டிருக்கிறது. கீழே இரண்டே வரி: "இந்தச் சாவி எல்லோரிடமும் இருக்காது. லிஃப்ட் நிற்காத இடத்திலும் கதவைத் திறக்க வேண்டியவரிடம் மட்டும்தான் இருக்கும்." உங்கள் படத்தை எடுத்துப் பாருங்கள். பேனா இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, தலை சீவியிருக்கிறது. இடுப்பில், மேஜை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, அந்தச் சாவி தொங்குகிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை, மழுப்பவில்லை. பையைக் கூடக் கீழே வைக்காமல், நீங்கள் வைத்த வக்கீலம்மா என்ற பேருக்கு ஏற்றபடி என்னையே கூண்டில் ஏற்றினாள்.

"பதிவேடு எழுதுறவருக்கு இந்தச் சாவி எதுக்கும்மா?"

அடுத்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. "இந்தப் புஸ்தகம் எழுதினவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது. அவங்க என்கிட்ட உண்மையச் சொல்றாங்க. நீங்க ரெண்டு பேரும் ஏம்மா சொல்லல?"

சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டாள். எனக்கு முதலில் அந்தப் புத்தகத்தின் மேல்தான் கோபம் வந்தது. பதினொரு வயசுப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று.

இன்று விடுமுறை. காலையில் அவள் தோழி வீட்டுக்குப் போனதும், எங்காவது ஒரு குற்றம் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். உங்களுக்குத் தெரியும், சிறுவர்களுக்கான அறிவு நூல்கள் என்று எங்களுக்கு வருவதில் பாதி என் கையில் பட்டாலே எரிச்சல்தான். "குழந்தைகளே, உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்து, மூன்றாம் பக்கத்தில் பெரியவர்கள் சொல் கேட்டு நடக்கவேண்டும் என்று முடிப்பார்கள். படம் ஒன்று சொல்லும், வரி ஒன்று சொல்லும். அளவு எல்லாம் "மிகப் பெரிய", "மிகமிகப் பெரிய".

இது அப்படியில்லை. நான் பென்சிலைக் காதில் சொருகிவிட்டுப் படித்தேன்.

நடுவில் ஒரு படம் மூன்று மடிப்பாக விரிகிறது. ஒரு கட்டடத்தை மேலிருந்து கீழ்வரை குறுக்கே வெட்டி வைத்த மாதிரி. ஒவ்வொரு மாடியிலும் யாரோ ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள்; ஒருத்தி ஒற்றைச் செருப்பைத் தேடுகிறாள், ஒரு தாத்தா லிஃப்ட் பொத்தானை மூன்றாவது தடவையாக அழுத்துகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் கயிறும், பெட்டி ஓடும் தண்டவாளமும், பெட்டிக்கு ஈடாக மறுமுனையில் தொங்கும் எதிர் எடையும் அவை பாட்டுக்கு வேலை செய்கின்றன. அளவு தெரிவதற்காக ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறுமி நிற்கிறாள். எதிர் எடை அவளைவிட எவ்வளவு உயரம், கயிறு அவள் கட்டைவிரலைவிட எவ்வளவு தடிமன், எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிறது. எங்கேயும் ஆச்சரியக்குறி கிடையாது. ஆச்சரியப்பட வேண்டியது நம் வேலை என்று விட்டுவிட்டார்கள்.

எழுதிய அம்மாள் யாரோ தெரியாது. கடைசிப் பக்கத்தில் இரண்டு வருஷம் மெக்கானிக்குகளோடு சுற்றியதாகச் சொல்கிறார். "பத்தொன்பதாம் பக்கத்தை என்னை நாலு முறை எழுத வைத்தவருக்கு" என்று ஒரு மெக்கானிக்குக்கு நன்றி. பத்தொன்பதாம் பக்கத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். மொத்தமே ஆறு வரி. பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று. மின்சாரம் இருந்தால்தான் பிரேக் விலகும், மின்சாரம் போனால் அது தானாகப் பிடித்துக்கொள்ளும். "பயம் வந்தால் நாம் கையை இறுக்குவோமே, அப்படி" என்று இருக்கிறது. நாலு முறை எழுதினால்தான் ஆறு வரி இவ்வளவு சுலபமாக வரும் போல. அந்த ஆறு வரிக்காகவே அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

தலைப்பில் இருக்கும் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்கிறார். ஒரு கயிறு இல்லை, பல கயிறுகள். ஒன்று அறுந்தால் மற்றவை தாங்கும். எல்லாமே போனாலும், வேகம் மிஞ்சினால் இரண்டு பக்கமும் கவ்விகள் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும். அதோடு நிறுத்தியிருக்கலாம். நானாக இருந்தால் நிறுத்தியிருப்பேன். ஆனால் பக்கத்தைத் திருப்பினால், உள்ளே போகிறவர்களைவிடப் பெட்டியின் கூரை மேல் நின்று வேலை செய்கிறவருக்குத்தான் ஆபத்து என்று எழுதியிருக்கிறார். கூரையில் கால் வைப்பதற்கு முன்னால் அவர் என்னென்ன செய்கிறார் என்று ஒவ்வொன்றாகப் படம். நிறுத்தும் பொத்தானை அழுத்துகிறார், உண்மையிலேயே நின்றதா என்று சோதிக்கிறார், பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறார், கீழே இருப்பவரிடம் குரல் கொடுத்துப் பதில் வரும்வரை காத்திருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "இவ்வளவும் செய்தாலும் சில நாள் தவறு நடக்கிறது. தவறு நடக்கும் என்று தெரிந்ததால்தான் அவர் தினமும் இவ்வளவும் செய்கிறார்."

உங்களோடு பதின்மூன்று வருஷம் குடும்பம் நடத்தியாகிவிட்டது. எல்லாப் படிவத்திலும் "லிஃப்ட் பழுது பார்ப்பவர்" என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் காலையில் போய் என்ன செய்கிறீர்கள் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்பதற்கு மேல் நான் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. பெருமைதான், வேறொன்றும் இல்லை.

குற்றம் ஒன்று கிடைத்தது. ஆனால் அதையும் அவரே முந்திக்கொண்டார். இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறது. "பிழைதிருத்தம்: எதிர் எடை, லிஃப்ட் பெட்டியின் எடைக்குச் சமம் என்று இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது தவறு. பெட்டியின் எடையோடு, அது ஏற்றக்கூடிய பாரத்தில் ஏறக்குறைய பாதியும் சேரும். தவறு என்னுடையது. நாலாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணக்குப் போட்டுப் பார்த்துக் கேட்டாள்." பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பிழைதிருத்தம் பார்த்திருக்கிறேன். எல்லாம் அச்சகத்தின் தலையில் போட்டுவிடுவார்கள். "தவறு என்னுடையது" என்று ஒரு பெரியவர் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லி நான் பார்த்ததில்லை. நம் பெண் அந்தச் சீட்டைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டிருக்கிறாள். நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அவள் திரும்பி வரும் நேரம். மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன்.

செவ்வாய், மாலை

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. நூலகத்தில் ஒரு சின்னச் சண்டை. நம் புத்தகத்தைத் தலைமை நூலகர் "பாடத்துணை" அலமாரியில் வைக்கச் சொன்னார். அங்கே வைத்தால் பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும்தான் யாராவது தொடுவார்கள் என்றேன். "பிள்ளைங்க கதைதாம்மா கேப்பாங்க" என்றார். சலூன்காரர் பக்கத்தில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்காமல், "என் கடைக்கு வர்ற பசங்க அந்தப் புஸ்தகத்தைப் பத்தி நான் சொல்றத கேட்டுட்டே தலைய ஆட்டாம உக்காந்திருக்காங்க சார். எனக்கு அது எவ்வளவு பெரிய உதவின்னு உங்களுக்குத் தெரியாது" என்றார். கடைசியில் வாசலுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு அலமாரித் தட்டைத் தலைமை நூலகர் எனக்கு விட்டுக்கொடுத்தார். எறும்பு, எலும்பு, பாலம், சாக்கடை என்று தேடிப்பிடித்துப் பதினாறு நல்ல புத்தகம் வைத்திருக்கிறேன். நேற்று நாலு போய்விட்டது.

வீட்டுக்கு வருகிறேன். ஞாயிறு சாயங்காலம் நூலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த வெள்ளைச் சீட்டு ஒன்றை எடுத்து எழுதினேன். "பிழைதிருத்தம்: அப்பாவை ஆபீஸ் வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். அது தவறு. அப்பா முன்பு செய்த வேலையைத்தான் செய்கிறார். தினமும் குழிக்குள் இறங்குகிறார், கூரை மேல் நிற்கிறார். தவறு என்னுடையது. அம்மா." அவள் மேஜைக்கு மேலே, உங்கள் படம் இருந்த இடத்தில் ஒட்டிவிட்டு, சமையலறைக்கு வந்து வேலை செய்வது போல நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயமாத்தான் இருக்கு. ஆனா முன்னாடி எல்லாத்துக்கும் பயந்தேன். இப்ப எதுக்குப் பயப்படணும்னு தெரியுது" என்றாள். அப்புறம் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள். எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குத்தான்.

இங்கே நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நெட்டை அண்ணன் விழுந்த நாளிலிருந்து இந்த ஏழு மாதமாக நான் ஆறு மாடியும் படியில்தான் ஏறுகிறேன். உடம்பு இளைக்க என்று உங்களிடம் சொன்னேன், அவளிடமும் சொன்னேன். ஒரு சுற்றுகூட இளைக்கவில்லை என்பதிலிருந்தே நீங்கள் கண்டுபிடித்திருக்கலாம். அவள் என்னை உள்ளே நிறுத்திக் கதவு மூடியதும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தச் சத்தம் பிரேக் விலகுவது. இந்தச் சின்னக் குலுக்கல் தண்டவாளம் இணைகிற இடம். இப்போது எதிர் எடை நம்மைத் தாண்டிப் போகிறது, பாதி வழி வந்துவிட்டோம். நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் குரலைக் கேட்டேன். கீழே போய், திரும்ப மேலே வந்து, மறுபடி கீழே போனோம். மூன்றாவது மாடிக்காரர் இரண்டு தடவை கதவு திறந்ததும் உள்ளே எங்களையே பார்த்துவிட்டுப் படியில் இறங்கிப் போனார்.

இத்தோடு அவள் எழுதிய ஒரு தாள் இருக்கிறது. பதினான்கு கேள்விகள். குரல் கொடுத்தால் உங்களுக்குப் பதில் சொல்ல இப்போது யார் இருக்கிறார்கள், நெட்டை அண்ணன் விழுந்த அன்றைக்கு நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள், அப்புறம் முதல் தடவை கூரையில் ஏறும்போது எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். நான் எதையும் அடிக்கவில்லை. எழுத்தில்தான் பதில் வேண்டுமாம். ஃபோனில் அப்பா பேச்சை மாற்றிவிடுவார் என்கிறாள். பதில் வந்ததும் அவளே உங்களைக் கூப்பிடுவாள். வராவிட்டால் கூப்பிட மாட்டாள். அவள் உங்கள் பெண், சொன்னால் செய்வாள்.

அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அழகாக எழுத வேண்டாம். அவளைச் சமாதானப்படுத்த வேண்டாம். நாலு முறை கிழித்து எழுதினாலும் சரி, நடந்ததை எழுதுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்று போடுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் அவளை அவ்வளவு மதித்து எழுதியிருக்கிறார். நாம் அதில் பாதியாவது மதிக்க வேண்டாமா.

அவளுக்கு எழுதும் கையோடு எனக்கும் ஒன்று. நான் ஃபோனில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் "ரூம்லதான்" என்கிறீர்கள். உங்கள் பின்னால் இரும்பு தட்டுகிற சத்தம் குழிக்குள் எதிரொலிப்பது எனக்குக் கேட்கிறது. கேட்காதது போல இருந்தேன். உங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி. இனி வேண்டாம். எத்தனையாவது மாடி என்று சொல்லுங்கள். பயப்படுவேன், பயந்துவிட்டுப் போகிறேன். இறங்கியதும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அது போதும்.

ஆறாவது மாடியிலிருந்து,
உங்கள் மனைவி